கிளாஸ்ல இருந்து ஸ்கீமாவை தானா ஜெனரேட் பண்றது: பண்ணலாம், ஆனா பாக்காம வெளிய விடாதீங்க

கேள்வி இதுதான்: ஒரு சர்வீஸ்ல நிறைய டேட்டா கிளாஸ் இருக்கு, அதே விவரத்தை ஜேசன் ஸ்கீமா (ஜேசன்ங்கற டேட்டா வடிவத்துல எந்தெந்த ஃபீல்டு, என்ன டைப்ல வரணும்னு சொல்ற விவரக்குறிப்பு) ஃபைலாவும் கையால எழுதி வச்சிருக்காங்க, கிளாஸ்ல ஒரு ஃபீல்டு மாத்துறவங்க ஸ்கீமாவுல மாத்த மறந்துடுறாங்க, இப்ப ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்தே போகல. கிளாஸ்ல இருந்தே ஸ்கீமாவை தானா உருவாக்க முடியுமா, அப்படி உருவானதை அப்படியே நம்பி மத்த டீமுக்கு குடுக்கலாமா?

முதல் பாதிக்கு பதில் சுலபம். முடியும், தாராளமா பண்ணுங்க, ரெண்டு இடத்துல ஒரே விஷயத்தை கையால எழுதி வச்சா எந்த டீமா இருந்தாலும் கொஞ்ச நாள்ல அது பிரிஞ்சுதான் போகும். ரெண்டாவது பாதிக்கு என் பதில், அப்படியே குடுக்காதீங்க. ஜெனரேட் ஆன ஸ்கீமாவை ஒரு ஃபைலா ரெப்போவுல (கோடு சேமிக்கற இடம்) கமிட் பண்ணுங்க, கிளாஸ் மாறும்போதெல்லாம் அந்த ஃபைல்ல என்ன மாறுதுன்னு டிஃப்ல (பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) தெரியட்டும், ஒருத்தர் அதைப் படிச்சுப் பாத்து சரின்னு சொன்ன பிறகு வெளிய போகட்டும். கிளாஸ்ங்கறது நம்ம புரோகிராம் உள்ளுக்குள்ள டேட்டாவை எப்படி வச்சுக்குதுங்கற விவரம், ஸ்கீமாங்கறது வெளிய இருக்கறவங்களுக்கு நாம குடுக்கற வாக்கு. உள்ள இருக்கறதை எப்ப வேணா மாத்தலாம், குடுத்த வாக்கை அப்படி மாத்த முடியாது. ஜெனரேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் கிளாஸ்ல எழுதி இருக்கறது மட்டும்தான்.

இது புதுசா வந்த யோசனையும் இல்ல. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 2002ல வந்தப்பவே கூட ஒரு கமாண்ட் லைன் டூல் இருந்துச்சு, கம்பைல் ஆன அசெம்ப்ளியை (கோடுல இருந்து உருவான புரோகிராம் ஃபைல்) குடுத்தா உள்ள இருக்கற கிளாஸுக்கெல்லாம் எக்ஸ்எம்எல் (ஜேசன் மாதிரி இன்னொரு டேட்டா வடிவம்) ஸ்கீமா எழுதிக் குடுக்கும். ஜாவா 6ஓட சேந்து, ஜாக்ஸ்பிங்கற எக்ஸ்எம்எல் லைப்ரரியோட ஸ்கீமாஜென் டூல் ஜேடிகேவுக்குள்ளயே (ஜாவால புரோகிராம் எழுதறதுக்கான டூல் தொகுப்பு) வந்துச்சு, அப்புறம் 2018ல ஜாவா 11 வந்தப்ப அதை ஜேடிகேல இருந்து எடுத்துட்டாங்க. அப்ப எக்ஸ்எம்எல், இப்ப ஜேசன், வேலை அதேதான், சிக்கல்களும் ஏறக்குறைய அதேதான்.

வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா எங்க ஏமாத்தும்னு தானா புரியும். பைத்தான், ஜாவா, சி ஷார்ப், கோ மாதிரி மொழிகள்ல புரோகிராம் ஓடும்போதே ஒரு கிளாஸைப் பாத்து உன்கிட்ட என்னென்ன ஃபீல்டு இருக்கு, ஒவ்வொன்னும் என்ன டைப்னு கேக்க முடியும், இதைத்தான் ரிஃப்ளெக்ஷன்னு சொல்றோம். ஜெனரேட்டர் ஃபீல்டு ஃபீல்டா போகும், ஸ்டிரிங்னா ஸ்டிரிங்னு எழுதும், லிஸ்ட்னா அர்ரேன்னு எழுதிட்டு உள்ள என்ன டைப்னு பாக்கும், இன்னொரு கிளாஸ் வந்தா அதை தனியா ஒரு டெஃபனிஷனா எழுதி வச்சுட்டு இங்க ஒரு ரெஃபரன்ஸ் மட்டும் போடும், ஒரு கிளாஸ் தன்னையே உள்ள வச்சிருந்தாலும் முடிவில்லாம சுத்தாம இருக்கறது இந்த ரெஃபரன்ஸ்னாலதான். ஜாவாவுல ஜெனரிக்ஸ் (லிஸ்ட்டுக்குள்ள என்ன டைப்ங்கற மாதிரி விவரம்) ரன்டைம்ல, அதாவது புரோகிராம் ஓடும்போது, அழிஞ்சுடும்னு எல்லாரும் சொல்வாங்க, அது பாதி உண்மை. ஃபீல்டுல லிஸ்ட் ஆஃப் ஸ்டிரிங்னு டிக்ளேர் பண்ணி இருந்தா அந்த விவரம் கிளாஸ் ஃபைல்ல பத்திரமா இருக்கும், ஜெனரேட்டர் எடுத்துக்கும். கைல வெறும் லிஸ்ட் ஆப்ஜெக்ட்டை மட்டும் குடுத்து இதுக்கு ஸ்கீமா எழுதுன்னா தான் அதால உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது.

டைப்ஸ்கிரிப்ட் கதை வேற. அங்க டைப் எல்லாம் கம்பைல் ஆனதும் மறைஞ்சுடும், ஓடும்போது கேட்டா இன்டர்ஃபேஸ்னு ஒன்னு இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. அதனால ரெண்டு வழி. ஒன்னு, கம்பைலரையே வச்சு சோர்ஸ் கோடைப் படிச்சு ஸ்கீமா எடுக்கற டூல். இன்னொன்னு ஸோட் மாதிரி லைப்ரரி, அதுல நீங்க முதல்ல ஸ்கீமாவை கோடாவே எழுதுறீங்க, டைப் அதுல இருந்து வருது, 2025ல வந்த ஸோட் 4ல இருந்து ஜேசன் ஸ்கீமாவா மாத்தற வசதியும் உள்ளயே இருக்கு. ரஸ்ட்ல ஸ்கீமார்ஸ்னு ஒரு லைப்ரரி, கம்பைல் ஆகும்போதே மேக்ரோ வழியா வேலையை முடிச்சுடும். எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச விஷயம், ரஸ்ட்ல எல்லாரும் சீரியலைஸ் பண்ண (டேட்டாவை ஜேசன் மாதிரி வடிவத்துல எழுத) பயன்படுத்தற செர்டி லைப்ரரியோட அட்ரிபியூட்டுகளை அதுவும் படிக்கும். ஃபீல்டு பேரை மாத்தச் சொல்லி செர்டிக்கு சொல்லி இருந்தா ஸ்கீமாவுலயும் மாறின பேருதான் வரும்.

இந்தப் பொருத்தம் ரொம்ப முக்கியம். ஸ்கீமா விவரிக்க வேண்டியது உங்க கிளாஸை இல்ல, உங்க சீரியலைசர் கடைசியா வெளிய துப்புற ஜேசனை. ஜாவாவுல ஜாக்சன்ங்கற சீரியலைசருக்கு எல்லா பேரையும் ஸ்னேக் கேஸ்ல (order_id மாதிரி) எழுதுன்னு கான்ஃபிக் குடுத்திருப்பீங்க, ஸ்கீமா ஜெனரேட்டருக்கு அது தெரியாது, அது கேமல் கேஸ்ல (orderId மாதிரி) எழுதி வைக்கும், கிளாஸும் சரி ஸ்கீமாவும் சரி, வெளிய போற டேட்டா மட்டும் ஸ்கீமாவோட ஒத்துப்போகாது. அதே மாதிரி சி ஷார்ப்ல சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன்ங்கற சீரியலைசர் ஈனமை (enum, குறிப்பிட்ட சில மதிப்பு மட்டும் வரக்கூடிய டைப்) சும்மா விட்டா நம்பராத்தான் எழுதும், ஜெனரேட்டர் ஸ்டிரிங்னு நினைச்சு எழுதினா போச்சு. அதனால டூல் தேர்ந்தெடுக்கும்போது நான் முதல்ல பாக்கறது, இது என் சீரியலைசரோட செட்டிங்கைப் படிக்குமாங்கறதைத்தான். சீரியலைசரும் ஜெனரேட்டரும் ஒரே லைப்ரரியா இருந்தா பாதி தலைவலி போச்சு, பைத்தான்ல பைடான்டிக்ங்கற லைப்ரரி இவ்வளவு பேருக்கு பிடிச்சுப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். டாட்நெட் 9ல, அதாவது 2024 நவம்பர்ல, சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனுக்குள்ளயே ஸ்கீமா எக்ஸ்போர்ட்டர் வந்துடுச்சு, சீரியலைசர் செட்டிங்கையே அது எடுத்துக்கும். ஜாவாவுல விக்டூல்ஸ் ஜெனரேட்டர் எடுத்தீங்கன்னா அதோட ஜாக்சன் மாடியூலையும் சேத்துப் போடுங்க.

சரி, ஒரு கிளாஸை எடுத்து கிட்டப் போய் பாப்போம். ஆர்டர்னு ஒரு பைடான்டிக் கிளாஸ். ஐடி இன்டிஜர், கூப்பன் ஆப்ஷனல் ஸ்டிரிங், தொகை டெசிமல், நேரம் டேட்டைம், நிலை ஒரு ஈனம், பொருட்கள் இன்னொரு கிளாஸோட லிஸ்ட். ஆறே ஆறு ஃபீல்டு, ஒவ்வொன்னுலயும் ஒரு விஷயம் இருக்கு.

கூப்பன்ல ஆரம்பிக்கறேன், அதிகமா அடிபடறது இங்கதான். ஆப்ஷனல்னு சொன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு: அந்த கீ (ஃபீல்டோட பேரு) ஜேசன்ல இல்லாமலே போகலாம்ங்கறது ஒன்னு, கீ இருக்கும் ஆனா மதிப்பு நல்னு (null, மதிப்பே இல்லங்கற குறி) இருக்கலாம்ங்கறது இன்னொன்னு. ஜேசன் ஸ்கீமாவுல இது ரெண்டும் தனித்தனி. கீ கட்டாயம் வேணும்னா ரிக்வயர்டு லிஸ்ட்ல பேரு இருக்கும், நல் வரலாம்னா டைப்ல நல்லும் சேந்திருக்கும். பைடான்டிக் 1ல ஆப்ஷனல்னு போட்டாலே டிஃபால்ட் நல்னு (பைத்தான்ல None) எடுத்துக்கும், ரிக்வயர்டு லிஸ்ட்ல வராது. 2023ல வந்த பைடான்டிக் 2ல அப்படி இல்ல, டிஃபால்ட் தனியா குடுக்கலைன்னா அந்த ஃபீல்டு கட்டாயம் வந்தாகணும், மதிப்பு நல்னு இருக்கலாம், அவ்வளவுதான். கிளாஸ்ல ஒரு எழுத்து மாறல, லைப்ரரி வெர்ஷன் மட்டும் ஏறுது, ஸ்கீமாவுல ரிக்வயர்டு லிஸ்ட் நீண்டு போகுது, உங்களுக்கு டேட்டா அனுப்பறவங்க கோடு உடையுது. ஸ்கீமா ஃபைலை கமிட் பண்ணி வச்சிருந்தா இது அந்த அப்கிரேடு பண்ற புல் ரிக்வெஸ்ட்லயே (மாற்றத்தை ரிவ்யூவுக்கு வைக்கற இடம்) பளிச்சுனு தெரியும், ரன்டைம்ல மட்டும் ஜெனரேட் பண்ணிட்டு இருந்தா புரொடக்ஷன்ல போய்த்தான் தெரியும்.

இதே நல் விஷயத்துல ஓபன்ஏபிஐ (வெப் ஏபிஐயை விவரிக்கற பொது வடிவம்) வேற கொஞ்சம் குழப்பும். 3.0ல நல்லபிள்னு தனியா ஒரு கீவேர்டு, டைப்ல நல் போட முடியாது. 2021ல வந்த 3.1ல தான் ஜேசன் ஸ்கீமாவோட 2020-12 பதிப்போட முழுசா சேந்தாங்க, நல்லபிளை எடுத்துட்டாங்க. உங்க ஜெனரேட்டர் எழுதறது ஒரு பதிப்பு, எதிர்ப்பக்கம் கிளையன்ட் கோடு உருவாக்கற டூல் படிக்கறது இன்னொரு பதிப்புன்னா நல் வரலாம்ங்கற தகவல் சத்தமே இல்லாம காணாமப் போகும். எந்த பதிப்புல எழுதறோம்னு ஸ்கீமா ஃபைல் தலைப்புல போட்டு வைங்க, அது ஒரு வரிதான்.

கோ மொழில வேலை பாக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். ஸ்லைஸை (கோவோட லிஸ்ட்) ஒன்னும் போடாம அப்படியே விட்டா அது நில் (nil, கோவோட நல்), ஜேசனா எழுதும்போது காலி அர்ரேயா வராது, நல்னு வரும். ஜெனரேட்டர் பாக்கறது டைப்பை மட்டும்தான், அர்ரேன்னு எழுதிடும். நாள் பூரா நல்லா ஓடிட்டு இருக்கும், பொருளே இல்லாத ஒரு ஆர்டர் வரும்போது மட்டும் எதிர்ப்பக்க வேலிடேட்டர் (டேட்டாவை ஸ்கீமாவோட ஒப்பிட்டு சரிபாக்கற டூல்) தூக்கி எறியும். இதுல ஸ்கீமா மேல தப்பில்ல, கோடைத்தான் காலி ஸ்லைஸ் போட்டு திருத்தணும்.

தொகைக்கு வருவோம். டெசிமலை பைடான்டிக் 2 உள்ள வாங்கும்போது நம்பராவும் வாங்கும் ஸ்டிரிங்காவும் வாங்கும், வெளிய ஜேசனா எழுதும்போது ஸ்டிரிங்காத்தான் எழுதும். அப்ப இந்த கிளாஸுக்கு ஸ்கீமா எது? ரெண்டு ஸ்கீமா இருக்குங்கறதுதான் பதில். உள்ள வர்றதுக்கு ஒன்னு, வெளிய போறதுக்கு ஒன்னு, ஸ்கீமா கேக்கும்போதே மோடுன்னு ஒரு ஆர்கியுமென்ட்ல எது வேணும்னு சொல்லணும், சொல்லலைன்னா உள்ள வர்றதுக்கான ஸ்கீமாதான் கிடைக்கும். இது தெரியாம அந்த டிஃபால்ட்டை எடுத்து, உங்க சர்வீஸ் அனுப்பற டேட்டாவைப் படிக்கற டீமுக்கு குடுத்துட்டா அவங்க நம்பர் வரலாம்னு நம்பி கோடு எழுதுவாங்க. டிஃபால்ட் மதிப்பு இருக்கற ஃபீல்டுக்கும் இதே கதைதான், அனுப்பறவர் அதை விட்டுடலாம், ஆனா நாம திருப்பி அனுப்பும்போது அது எப்பவும் இருக்கும், ஆக வெளிய போற ஸ்கீமாவுல அது கட்டாயம்னு இருக்கறதுதான் நியாயம், பைடான்டிக்ல அதுக்குன்னு ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும். பைடான்டிக்கைப் பயன்படுத்தற ஃபாஸ்ட்ஏபிஐங்கற வெப் ஃப்ரேம்வொர்க்ல ஒரே கிளாஸுக்கு இன்புட்னு ஒன்னு அவுட்புட்னு ஒன்னு ரெண்டு பேருல ஸ்கீமா வர்றதைப் பாத்து சிலர் ஏதோ கோளாறுன்னு நினைச்சு அதை அணைச்சு வைப்பாங்க, அது கோளாறு இல்ல, உண்மையைத்தான் சொல்லுது.

ஐடி வெறும் இன்டிஜர்தானேன்னு விட்டுடாதீங்க. ஜாவால லாங்னா 9223372036854775807 வரைக்கும் போகும், ஜாவாஸ்கிரிப்ட்ல நம்பர் 9007199254740991 வரைக்கும்தான் துல்லியமா இருக்கும், அதுக்கு மேல போனா கடைசி இலக்கங்கள் மாறிடும், எரர் எதுவும் வராது. ஸ்கீமாவுல இன்டிஜர்னு இருக்கறதால வேலிடேஷனும் பாஸ் ஆயிடும். பெரிய ஐடி எல்லாம் வெளிய போகும்போது ஸ்டிரிங்கா போகட்டும், அதை கிளாஸ்லயே முடிவு பண்ணுங்க.

நேரம் ஃபீல்டுக்கு ஜெனரேட்டர் ஸ்டிரிங், ஃபார்மட் டேட்-டைம்னு எழுதும். அந்த ஃபார்மட்டுக்கு அர்த்தம் ஆர்எஃப்சி 3339ங்கற இணைய நேர வடிவ விதி, அதுல டைம்ஸோன் ஆஃப்செட் கட்டாயம். பைத்தான்ல டைம்ஸோன் இல்லாத டேட்டைமை வச்சிருந்தீங்கன்னா வெளிய போற ஸ்டிரிங்ல ஆஃப்செட் இருக்காது, ஆக நம்ம ஸ்கீமாவை நம்ம டேட்டாவே மீறுது. இது ஏன் பல பேருக்கு தெரியறதில்லைன்னா ஜேசன் ஸ்கீமாவோட புதுப் பதிப்புகள்ல ஃபார்மட்ங்கறது சும்மா ஒரு குறிப்பு மாதிரிதான், வேலிடேட்டர்ல தனியா ஆன் பண்ணாத வரைக்கும் அதை சரிபாக்கறது கட்டாயமில்ல. நம்ம டெஸ்ட்ல பாஸ் ஆகும், ஆன் பண்ணி வச்சிருக்கற இன்னொரு டீம்கிட்ட ஃபெயில் ஆகும். பைடான்டிக்ல அவேர் டேட்டைம்னு ஒரு டைப் இருக்கு, டைம்ஸோன் இல்லாம உள்ளயே விடாது, வெளியுலகத்தோட பேசற கிளாஸ் எல்லாத்துலயும் அதைப் போடுங்கன்னுதான் சொல்வேன்.

ஈனம் பத்தி ஒரே ஒரு விஷயம். நமக்கு வர்ற டேட்டாவுல புது மதிப்பு ஒன்னை ஏத்துக்க ஆரம்பிச்சா யாருக்கும் பாதிப்பில்ல, நாம அனுப்பற டேட்டாவுல புது மதிப்பு ஒன்னு போக ஆரம்பிச்சா பழைய ஸ்கீமாவை வச்சு சரிபாக்கறவங்க எல்லாம் நம்ம டேட்டாவை நிராகரிப்பாங்க. கிளாஸ்ல ரெண்டும் ஒரே ஒரு வரி மாற்றம்தான்.

இன்ஹெரிட்டன்ஸ் இருந்தா இன்னும் கவனம். பேரன்ட் கிளாஸ்ல ரெண்டு ஃபீல்டு, சைல்டு கிளாஸ்ல மூணாவது ஃபீல்டு. சில ஜெனரேட்டர் எல்லா ஃபீல்டையும் சைல்டு ஸ்கீமாவுலயே தட்டையா எழுதிடும், பிரச்சினை இல்ல. சிலது ஆல்-ஆஃப்னு (உள்ள இருக்கற எல்லா துண்டுக்கும் ஒத்துப்போகணும்ங்கற கீவேர்டு) போட்டு பேரன்ட்டுக்கு ரெஃபரன்ஸ் குடுத்து சைல்டோட ஃபீல்டை அடுத்ததா எழுதும், பாக்க அழகா இருக்கும். இப்ப யாரோ கண்டிப்பா இருக்கணும்னு பேரன்ட்ல அடிஷனல் பிராப்பர்ட்டீஸ் ஃபால்ஸ்னு (சொல்லாத ஃபீல்டு எதுவும் வரக்கூடாது) போட்டா என்ன ஆகும்? ஆல்-ஆஃப் உள்ள இருக்கற ஒவ்வொரு துண்டும் முழு ஆப்ஜெக்ட்டையும் தனியா சரிபாக்கும், பேரன்ட் துண்டுக்கு மூணாவது ஃபீல்டு யாருன்னே தெரியாது, எனக்குத் தெரியாத ஃபீல்டு வரக்கூடாதுன்னு சொல்லி நிராகரிக்கும். அந்த ஸ்கீமாவுல மூணாவது ஃபீல்டு வச்ச எந்த டேட்டாவும் பாஸ் ஆகவே முடியாது. 2019-09 பதிப்புல அன்இவேல்யுவேட்டட் பிராப்பர்ட்டீஸ்னு கொண்டு வந்தது இதைத் தீர்க்கத்தான், அது ஆல்-ஆஃப் உள்ள பாத்த ஃபீல்டுகளையும் கணக்குல எடுத்துக்கும். உங்க டூல் அதுக்கு முந்தின டிராஃப்ட் 7 பதிப்புல நிக்குதுன்னா தட்டையா எழுதச் சொல்றதுதான் பாதுகாப்பு.

அந்த அடிஷனல் பிராப்பர்ட்டீஸ்ல டூலுக்கு டூல் டிஃபால்ட் வேறங்கறதையும் சேத்துக்கோங்க. பைடான்டிக் சும்மா விட்டா தெரியாத ஃபீல்டைக் கண்டுக்காம விடும், ஸ்கீமாவுலயும் அதைப் பத்தி எதுவும் எழுதாது. கோல நிறைய பேர் பயன்படுத்தற இன்வோபாப் லைப்ரரி சும்மா விட்டா ஃபால்ஸ்னு எழுதும். உங்க சர்வீஸ் அனுப்பற டேட்டாவோட ஸ்கீமாவுல ஃபால்ஸ்னு எழுதி வெளிய குடுத்துட்டீங்கன்னா அப்புறம் நீங்க ஒரு புது ஃபீல்டு சேக்கறதே எதிர்ப்பக்கத்தை உடைக்கற மாற்றம் ஆயிடும், ரொம்ப யோசிச்சு எடுக்க வேண்டிய முடிவு அது, ஒரு லைப்ரரியோட டிஃபால்ட்டுக்கு விட்டுடக் கூடாது.

ஜெனரேட்டரால பாக்கவே முடியாத ஒன்னும் இருக்கு, ஃபங்ஷனுக்குள்ள எழுதின ரூல். முடிவு தேதி ஆரம்ப தேதிக்கு அப்புறம்தான் இருக்கணும்னு ஒரு வேலிடேட்டர் ஃபங்ஷன் எழுதி இருப்பீங்க, அது ஸ்கீமாவுல வராது, வர வழியும் இல்ல, ஜேசன் ஸ்கீமாவுல ரெண்டு ஃபீல்டு மதிப்பை ஒப்பிட்டுப் பாக்கற கீவேர்டே கிடையாது. ஆனா நிறைய ரூல் அப்படி இல்ல. தொகை பூஜ்யத்துக்கு மேல இருக்கணும், பேரு 100 எழுத்துக்குள்ள இருக்கணும், லிஸ்ட்ல ஒரு பொருளாவது இருக்கணும், இதெல்லாம் ஃபங்ஷனுக்குள்ள இஃப் போட்டு எழுதாம ஃபீல்டு மேலயே கன்ஸ்ட்ரெயின்ட்டா எழுதினா அப்படியே ஸ்கீமாவுக்கு வந்துடும். ஜாவாவுல சைஸ், நாட்நல் மாதிரி பீன் வேலிடேஷன் அனோட்டேஷன் எல்லாம் இதே வேலைதான். ஸ்கீமா ஜெனரேட் பண்ணப் போறோம்னு முடிவானதும் கிளாஸ் எழுதற பழக்கமே கொஞ்சம் மாறணும்னு நான் சொல்றது இதைத்தான். டிஸ்கிரிப்ஷனும் அப்படித்தான், பைடான்டிக்ல ஃபீல்டுக்குப் பக்கத்துல கமென்ட்டா எழுதினா ஸ்கீமாவுக்குப் போகாது, ஃபீல்டோட டிஸ்கிரிப்ஷன்ல எழுதினா போகும்.

இப்ப டிஸ்கிரிப்ஷனுக்கு முன்னை விட மதிப்பு கூடிடுச்சு, ஏன்னா மொழி மாடல்கள்கிட்ட இந்த வடிவத்துலதான் பதில் வேணும்னு கேக்கறதுக்கும் இதே ஸ்கீமாவைத்தான் அனுப்பறோம், மாடல் அந்த டிஸ்கிரிப்ஷனைப் படிச்சுத்தான் எந்த ஃபீல்டுல என்ன போடணும்னு தெரிஞ்சுக்குது. அங்க ஒரு தனி விதியும் இருக்கு, ஓபன்ஏஐ 2024ல கொண்டு வந்த ஸ்ட்ரிக்ட் மோடுல எல்லா ஃபீல்டும் ரிக்வயர்டு லிஸ்ட்ல இருக்கணும், அடிஷனல் பிராப்பர்ட்டீஸ் ஃபால்ஸா இருக்கணும், விட்டுடலாம்ங்கற ஃபீல்டை நல் வரலாம்னு மாத்தித்தான் எழுதணும். ஏபிஐக்கு ஜெனரேட் பண்ண ஸ்கீமாவை தூக்கி அங்க குடுத்தா ஏத்துக்காது, அதுக்குன்னு தனியா ஒரு கிளாஸ் வச்சுக்கறது நல்லது.

தனி கிளாஸ்னு சொன்னதும் இன்னொன்னையும் அழுத்திச் சொல்லணும். டேட்டாபேஸ் என்டிட்டி கிளாஸ்ல (டேட்டாபேஸ் டேபிளைக் குறிக்கற கிளாஸ்) இருந்து நேரா வெளி ஸ்கீமா ஜெனரேட் பண்ணாதீங்க. பாஸ்வேர்டு ஹேஷ், உள்ளுக்குள்ள மட்டும் பயன்படுத்தற ஃபிளாக், இதெல்லாம் அதே கிளாஸ்லதான் இருக்கும், ஜெனரேட்டர் எல்லாத்தையும் எழுதி வெளிய வச்சுடும், சில சமயம் டேட்டாவும் கூடவே போயிடும். வெளிய போறதுக்கு டிடிஓன்னு தனி கிளாஸ் வைங்க, ஜெனரேட்டரை அந்த பேக்கேஜை மட்டும் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேக்கேஜ்ல ஒரே பேருல கிளாஸ் இருந்தா டெஃபனிஷன் பேரு மோதும், சில டூல் எரர் குடுக்கும், சிலது பேக்கேஜ் பேரையும் சேத்து நீளமா எழுதி உங்க உள் அமைப்பை ஸ்கீமாவுல காட்டிக் குடுக்கும், வெளிய போற கிளாஸுக்கெல்லாம் பேரு தெளிவா தனித்தனியா இருக்கட்டும்.

டேட்டாபேஸ் ஸ்கீமாவையே கிளாஸ்ல இருந்து உருவாக்கறதும் இதோட சொந்தக்கார விஷயம்தான், அங்க ஆபத்து இன்னும் பெருசு, ஏன்னா உள்ள ஏற்கனவே டேட்டா இருக்கு. ஜாவாவோட ஹைபர்னேட்ல (கிளாஸை டேபிளோட இணைக்கற லைப்ரரி) அப்டேட்னு செட்டிங் வச்சா கிளாஸைப் பாத்து டேபிளை தானா மாத்தும், ஆனா ஃபீல்டு பேரை மாத்தினா அது பேரு மாறினதா நினைக்காது, டேபிள்ல புது நெடுவரிசை ஒன்னைச் சேக்கும், பழையது டேட்டாவோட அப்படியே கெடக்கும். பைத்தானோட அலெம்பிக்ங்கற டூலும் பேரு மாறினதை தானா கண்டுபிடிக்காது, ஒன்னை நீக்கி ஒன்னைச் சேக்கற மாதிரி மைக்ரேஷன் (டேபிளை மாத்தற கட்டளைகள்) எழுதும், பாக்காம ஓட்டினா டேட்டா போச்சு. பைத்தானோட வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ இதுல ஒரு படி மேல, பேரை மாத்தினீங்களான்னு உங்ககிட்டயே கேக்கும். கிளாஸோட பழைய நிலை புது நிலை ரெண்டையும் பாத்தாலும் நடுவுல மனுஷன் என்ன நினைச்சான்னு எந்த டூலுக்கும் தெரியாது, அதனாலதான் மைக்ரேஷன் ஃபைலை ஜெனரேட் பண்ணி, படிச்சு, திருத்தி, கமிட் பண்றாங்க. ஜேசன் ஸ்கீமாவுக்கும் அதே மரியாதையைக் குடுங்கன்னுதான் நான் கேக்கறேன்.

ஜேசனுக்குப் பதிலா பயன்படுத்தற புரோட்டோபஃப்ங்கற பைனரி வடிவத்துல ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நம்பர் இருக்கும், பேரு வயர்ல போறதில்ல நம்பர்தான் போகும். சி ஷார்ப்ல கிளாஸ்ல இருந்து புரோட்டோபஃப் செய்யற புரோட்டோபஃப்-நெட்ல நம்பரை தானா போட்டுக்கோன்னு சொல்ற வசதி இருக்கு, அது ஃபீல்டு பேரோட அகர வரிசைல நம்பர் குடுக்கும். நடுவுல ஒரு பேரு புதுசா நுழைஞ்சா அதுக்கப்புறம் உள்ள நம்பர் எல்லாம் நகந்துடும், பழைய டேட்டாவைப் படிச்சா வேற வேற ஃபீல்டுல வேற வேற மதிப்பு. நம்பரை கையாலதான் எழுதணும், பேச்சே இல்ல. ஆவ்ரோங்கற இன்னொரு டேட்டா வடிவத்துல, ஜாவா கிளாஸ்ல இருந்து ரிஃப்ளெக்ஷன் வழியா ஸ்கீமா எடுக்கும்போது சும்மா விட்டா எதுவும் நல் ஆகாதுன்னு எழுதும், நல் வரலாம்னா அதுக்குன்னு இருக்கற வேற கிளாஸைப் பயன்படுத்தணும், புது ஃபீல்டுக்கு டிஃபால்ட் குடுக்கலைன்னா பழைய டேட்டாவைப் படிக்க முடியாது.

எல்லா இடத்துலயும் கிளாஸ்தான் முதல்லன்னும் சொல்ல மாட்டேன். ஒரே டேட்டாவை மூணு மொழில நாலு டீம் பயன்படுத்துதுன்னா ஸ்கீமாவை முதல்ல எழுதி அதுல இருந்து எல்லா மொழிக்கும் கிளாஸ் ஜெனரேட் பண்றதுதான் நியாயம், இல்லைன்னா ஒரு டீமோட மொழி பழக்கமெல்லாம் மத்தவங்க தலைல விழும். ஒரு டீம் எழுதுது, மத்தவங்க படிக்க மட்டும் செய்றாங்கன்னா கிளாஸ்ல இருந்து ஜெனரேட் பண்றது போதும், வேகமும் அதுலதான்.

நடைமுறைல எப்படி வைக்கறதுன்னா, ஜெனரேட் பண்ற ஸ்கிரிப்ட் ஒன்னு, ஒரு கமாண்ட்ல எல்லா ஸ்கீமாவையும் ஒரு ஃபோல்டர்ல எழுதணும். கீ எல்லாம் ஒரே வரிசைல வர்ற மாதிரி சார்ட் பண்ணிடுங்க, இல்லைன்னா ஒன்னும் மாறாமலே டிஃப் வரும், ரெண்டு தடவை அப்படி வந்தா மூணாவது தடவை யாரும் டிஃப்பைப் படிக்க மாட்டாங்க. சிஐல (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா பில்டு, டெஸ்ட் ஓட்டற அமைப்பு) அதே ஸ்கிரிப்ட்டை ஓட்டி கமிட் ஆன ஃபைலோட ஒப்பிடுங்க, வித்தியாசம் இருந்தா பில்டு ஃபெயில் ஆகட்டும். ஜெனரேட்டர் லைப்ரரியோட வெர்ஷனை தானா மாறாம ஒன்னுலயே நிறுத்தி வைங்க. ரிவ்யூ பண்றவர் டிஃப்ல பாக்க வேண்டியது அதிகம் இல்ல: ரிக்வயர்டு லிஸ்ட் மாறுதா, ஃபீல்டு ஏதாவது காணாமப் போகுதா, டைப் மாறுதா, ஈனம் மாறுதா, அது உள்ள வர்ற ஸ்கீமாவா வெளிய போற ஸ்கீமாவா. உள்ள வர்றதுல கட்டாய ஃபீல்டு சேக்கறது உடைக்கும், வெளிய போறதுல ஃபீல்டை எடுக்கறது உடைக்கும், இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டா பெரும்பாலும் தப்பாது.

இப்ப கையால எழுதின ஸ்கீமா வச்சிருக்கற உங்க நிலைமைல எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. வெளிய அதிகமா போற ஒரு கிளாஸை எடுங்க, அதுக்கு ஜெனரேட் பண்ணுங்க, கையால எழுதினதோட பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. வித்தியாசம் வரும், ஒவ்வொன்னுக்கும் எது சரின்னு கேக்கறதுக்கு உங்ககிட்ட சாட்சி இருக்கு, நிஜமா போய்ட்டு இருக்கற ஜேசன். லாக்ல இருந்தோ டெஸ்ட் டேட்டாவுல இருந்தோ கொஞ்சம் எடுத்து, தனிப்பட்ட விவரங்களை அழிச்சுட்டு, ஃபார்மட் செக்கை ஆன் பண்ணின ஒரு வேலிடேட்டர்ல ரெண்டு ஸ்கீமாவையும் ஓட்டிப் பாருங்க. கையால எழுதினது சரின்னா கிளாஸ்ல டைப்போ கன்ஸ்ட்ரெயின்ட்டோ விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், அதைச் சேருங்க. ஜெனரேட் ஆனது சரின்னா பழைய ஸ்கீமாவைப் படிச்சுட்டு இருக்கற டீமுக்கு சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனதும் பழைய ஃபைல் இருந்த அதே இடத்துல, அதே பேருல, ஜெனரேட் ஆனதை வச்சுட்டு அடுத்த கிளாஸுக்குப் போங்க.